துளை அளவு: ஹைட்ராலிக் சொலினாய்டு வால்வுகளில்

ஹைட்ராலிக் வால்வுக்குள் எண்ணெயின் ஓட்டத்தை நெரித்து அழுத்தத்தை நிர்ணயிக்கும் குறுவழி துளை எனப்படும். துளை வழியே பீறிடும் நீரின் வேகம் நீர்மட்ட உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று இத்தாலியரான டோரிசெல்லி 1644இல் வெளியிட்டார். இன்றைய கணக்கும் அதிலிருந்து கிளைத்ததே. பாய்வு மாறாதிருந்தால் அழுத்த இழப்பு விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். 1 மி.மீ. துளையை 1.2 மி.மீ. ஆக்கினாலே இழப்பு பாதிக்கும் கீழே போய்விடும்.

சொலினாய்டு எனும் மின்காந்தச் சுருளால் வால்வை இயக்க முற்பட்டபோது துளையின் அளவு வேறொரு வகையிலும் குறுக்கிட்டது. 200 பார் அழுத்தத்தில் 1 மி.மீ. துளையை மூடி நிற்கும் ஊசியின் மேல் ஏறத்தாழ 16 நியூட்டன் விசை விழும், 5 மி.மீ. துளையானால் 390 நியூட்டனைத் தாண்டும். சிறிய சுருளால் அதைத் தாங்க முடியாது. இதற்கு விடையாக அமைந்தது பைலட் முறை: மின்சாரம் சிறுதுளையை மட்டும் ஆளும், அங்கே உருவாகும் அழுத்தம், எண்ணெய் வழிகளைத் திறந்து மூடும் ஸ்பூல் எனும் பெரிய உருளையைத் தள்ளும். 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வில்லியம் மூக் உருவாக்கிய இரண்டுகட்ட சர்வோ வால்வும் இதே நெறியில் அமைந்தது. சொலினாய்டின் இடத்தில் அதில் முறுக்குவிசை தரும் டார்க் மோட்டார் இருந்தது.

பைலட் முறையின் உயிர்நாடி, தொடராக அமைந்த இரண்டு துளைகள். நிலையான வரவுத்துளை வழியே எண்ணெய் வரும். சொலினாய்டு திறந்து மூடும் வடிதுளை வழியே தொட்டிக்குப் போகும். இரண்டுக்கும் இடையில் நிற்பதே கட்டுப்பாட்டு அழுத்தம். இரண்டும் 0.8 மி.மீ. என்றால் அது ஊட்டழுத்தத்தில் பாதி. வடிதுளை 1 மி.மீ. ஆனால் 29 விழுக்காடு. இங்கே பலர் கவனிக்கத் தவறும் நுட்பம் ஒன்று உண்டு. அழுத்தத்தை நிர்ணயிப்பது துளைகளின் விகிதம். வேகத்தையும் விரயத்தையும் நிர்ணயிப்பது அவற்றின் அளவு. இரண்டு விட்டங்களையும் இரட்டித்தால் அழுத்தம் மாறாது, ஸ்பூல் விரைவாக நகரும், வீணாகும் எண்ணெய் மட்டும் நான்கு மடங்காகும்.

துளையின் வடிவமும் முக்கியம். நீண்ட நுண்குழாயில் பாய்வு எண்ணெயின் பாகுநிலையைச் சார்ந்திருப்பதால் குளிரில் ஒரு விதமாகவும் சூட்டில் வேறு விதமாகவும் நடந்துகொள்ளும். மெல்லிய தகட்டில் இட்ட கூர்விளிம்புத் துளை வெப்பநிலையால் அவ்வளவாகப் பாதிக்கப்படுவதில்லை.

கார்களின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில், வால்வு பாடியின் தகட்டிலுள்ள துளைகளே கிளட்சில் எண்ணெய் நிரம்பும் வேகத்தைத் தீர்மானிக்கின்றன. துளையைப் பெரிதாக்கினால் கியர் சட்டென்று, ஒரு உதறலோடு விழும்.

துளை சிறுக்கச் சிறுக்க அழுக்கின் ஆபத்து கூடும். வரவுத்துளை அடைத்தால் கட்டுப்பாட்டு அழுத்தம் விழுந்துவிடும். வடிதுளை அடைத்தால் ஊட்டழுத்தம் வரை ஏறிவிடும். பல சொலினாய்டுகளின் வாயில் நுண்வலை பொருத்துவது இதனால்தான்.