குப்பைமேட்டின் அடுக்குகளும் சொற்களின் அடுக்குகளும்

மொழி வரலாற்றுக்குச் சான்று தேடும்போது கல்வெட்டு, செப்பேடு, ஓலைச்சுவடி ஆகியவையே நம் நினைவுக்கு முதலில் வருகின்றன. அவை காக்கப்பட வேண்டும் என்னும் கருத்தோடு எழுதப்பட்டவை. வேண்டாம் என்று எறியப்பட்ட பொருள்களிலும் எழுத்து உண்டு. ஊர்ப்பெயரும் ஆட்பெயரும் உண்டு. பழைய குப்பைமேடுகளில் கிடைக்கும் கண்ணாடிப் போத்தல்கள் அத்தகையவை. அவற்றை எவ்வாறு படிப்பது, எப்போது அவை படிக்க இயலாதனவாகின்றன என்பதே இவ்வுரையின் பொருள்.

‘குப்பை’ என்னும் சொல் இன்று கழிவைச் சுட்டுகிறது. பழந்தமிழில் அது குவியலைக் குறித்தது; நெல்லுக்கும் உப்புக்கும் அச்சொல் வழங்கிற்று. தொல்லியலாருக்குப் பயன்படுவது அந்தப் பழம்பொருளே. குவியலில் முன்னர் எறிந்தது கீழேயும் பின்னர் எறிந்தது மேலேயும் கிடக்கும். இந்த அடுக்குமுறையே காலத்தை அறியும் முதல் வழி.

பிரிட்டனில் விக்டோரியா அரசியார் காலத்து நகரக் குப்பைகளில் பெரும்பகுதி அடுப்பு நிலக்கரியின் சாம்பல். அச்சாம்பலுக்குள் மருந்துப் போத்தல், மைக்கூடு, களிமண் புகைக்குழாய், பீங்கான் பொம்மைத் தலை ஆகியவை உடையாமல் தங்கின. கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் இவற்றைத் தோண்டியெடுத்துச் சேர்ப்பது அங்கே பலருக்குப் பொழுதுபோக்காயிற்று. சாம்பல் கலந்த மண்ணைக் கண்டால் அங்கே பழைய குப்பைமேடு இருந்தது என்று அவர்கள் அறிந்துகொள்வர்.

போத்தலின் உடலே பல செய்திகளைச் சொல்லும். அச்சில் ஊதிய பழைய போத்தலில் பக்கவாட்டுத் தழும்பு கழுத்தோடு நின்றுவிடும். வாய்விளிம்பைத் தொழிலாளி தனியே அமைத்திருப்பார். தழும்பு வாய்விளிம்பு வரை ஏறியிருந்தால் அது பெரும்பாலும் இயந்திரத்தில் செய்தது. அமெரிக்கரான மைக்கேல் ஓவன்ஸ் தானியங்கிப் போத்தல் இயந்திரத்தை உருவாக்கியது 1903இல். நச்சுமருந்துப் போத்தல்கள் நீலமாகவோ பச்சையாகவோ இருக்கும். ‘உட்கொள்ளலாகாது’ என்னும் பொருள்தரும் ஆங்கிலத் தொடர் புடைப்பெழுத்தில் அமைந்திருக்கும். பக்கங்களில் வரிவரியாக மேடுகளும் இருக்கும். எழுத்து படிக்கத் தெரிந்தவருக்கு. மேடுகள் இருட்டில் தடவி எடுப்பவருக்கு.

மொழி மாணவருக்கு இவற்றுள் மிகவும் பயன்தருவது சோடாப் போத்தல். ஹைரம் காட் என்னும் ஆங்கிலேயர் 1872இல் உரிமம் பெற்ற போத்தலில் தக்கைக்கு மாற்றாக ஒரு கண்ணாடிக் குண்டு இருந்தது. உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தம் அக்குண்டைக் கழுத்திலுள்ள ரப்பர் வளையத்தோடு சேர்த்து அடைக்கும். ஆங்கிலேயர் இதைக் கண்டுபிடித்தவர் பெயரால் ‘காட் போத்தல்’ என்றனர். சப்பானியர் உள்ளிருந்த பானத்தின் பெயரைக் கொண்டு ‘ராமுனே’ என்றனர்; ‘லெமனேட்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபு அது. தமிழர் கண்ணில் பட்டது குண்டு. ஆகவே ‘கோலி சோடா’ ஆயிற்று. கோலி இந்துஸ்தானியிலிருந்து வந்தது. சோடா ஆங்கில வழி வந்தது. இரண்டையும் இணைத்துப் பெயராக்கியது தமிழ் வழக்கு. ஒரே பொருளுக்கு மூன்று சமூகங்கள் மூன்று நோக்கில் பெயரிட்டுள்ளன. அக்குண்டுக்காகவே சிறுவர் போத்தல்களை உடைத்தனர். குப்பைமேடுகளில் முழுப்போத்தல் அருகிக் கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போத்தலைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சொற்கதையும் உண்டு. வெற்றுப்பேச்சைக் குறிக்கும் ‘காட்ஸ்வாலப்’ என்னும் சொல், காட் என்பவர் பெயரிலிருந்து பிறந்தது என்பர். கேட்பதற்கு இனிய விளக்கம். ஆனால் அகராதியாளர் எடுத்துக்காட்டும் முதல் எழுத்துச் சான்று 1959ஆம் ஆண்டினது. காட் மறைந்தது 1887இல். இடைப்பட்ட எழுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட அடுக்கில் அச்சொல்லின் தடமே இல்லை. சொல்லாராய்ச்சியும் அகழ்வும் ஒரே நெறியைச் சார்ந்தவை என்பதை இது காட்டுகிறது: எந்த அடுக்கில் கிடைத்தது என்று காட்ட இயலாத சான்றின்மேல் முடிவு கட்டலாகாது.

நம் வட்டாரத்திலும் இந்நெறிக்குச் சான்று உண்டு. 1984இல் சிங்கப்பூரின் ஃபோர்ட் கேனிங் குன்றில் ஜான் மிக்சிக் நடத்திய அகழ்வில் பானையோடுகளும் கண்ணாடித் துண்டுகளும் கிடைத்தன. தனித்தனியே நோக்கினால் அவை உடைந்த ஓடுகளே. கலையாத மண்ணடுக்கில் ஒன்றோடொன்று சேர்ந்து கிடந்தமையால், ஆங்கிலேயர் வருமுன்னரே, 14ஆம் நூற்றாண்டில் அங்கே ஒரு குடியிருப்பு விளங்கியது என்பதை அவை மெய்ப்பித்தன. அந்த ஓடுகளைச் சிலர் முன்னதாகவே பொறுக்கிச் சென்றிருந்தால், அச்சான்று நமக்குக் கிட்டியிராது.

விற்பனைக்காகத் தோண்டுவோர் முழுப்போத்தலை எடுத்துக்கொண்டு, உடைசலையும் எலும்பையும் ஒதுக்கிவிட்டுக் குழியை மூடிவிடுகின்றனர். போத்தல் பிழைக்கிறது, அதனோடு கிடந்த வீட்டின் வாழ்க்கை அழிகிறது. ஆனால் கட்டுமான இயந்திரங்கள் நொறுக்கியிருக்கக்கூடிய போத்தல்களைக் காத்தவர்களுள் ஆர்வலரும் உளர் என்பதை மறுத்தல் நேர்மையாகாது. இடம், ஆழம், உடன்கிடந்த பொருள்கள் ஆகிய மூன்றையும் அவர்கள் குறித்து வைத்தால் அவர்கள் சேர்ப்பே ஆவணமாகும். மலேசியாவின் 2005ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டம் தொல்பொருள் தேடி அகழ்வதற்கு உரிமம் வேண்டும் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். பக்கச்சுவர் சரியும் குழியும் நஞ்சு கலந்த மண்ணும் உயிருக்கே இடர் தருவன.

ஆதலின் மாணவரைத் தோண்ட அழைத்துச் செல்லுமாறு நாம் கூறவில்லை. அருங்காட்சியகத்துப் போத்தலின் தழும்பையும் எழுத்தையும் படிக்கக் கற்பிக்கலாம். பின்னர் வீட்டு முதியோரிடம் போத்தலுக்கு வழங்கும் பெயர்களைக் கேட்டுவரச் செய்யலாம். குப்பி, சீசா, புட்டி, பாட்டில், போத்தல் என ஐந்தும் கிடைக்கக்கூடும். சீசா பாரசீக வழி வந்தது, பாட்டில் ஆங்கிலம், போத்தல் இலங்கையிலும் நம் நாடுகளிலும் வேரூன்றி, மலாய் மொழியின் ‘போத்தோல்’ என்னும் சொல்லோடு அருகருகே வாழ்கிறது. யார், எந்த ஊரில், எந்த வயதில் சொன்னார் என்பதையும் மாணவர் உடன் எழுதிவரட்டும். அக்குறிப்பு இல்லாத சொல், குழியிலிருந்து தனியே எடுத்த போத்தலைப் போன்றதே.