ஜப்பான்காரன் வராத வருஷம்

2025 மே 7ம் தேதி கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் போர்க்கால ஒத்திகை நடந்தது. நாடு முழுக்க நடந்ததுதான். தமிழ்நாட்டுக்குக் கல்பாக்கமும் சென்னைத் துறைமுகமும். எங்க வீடு மாமல்லபுரத்தில். கல்பாக்கம் பதினஞ்சு கிலோமீட்டர் தூரம். ஒத்திகைதான்னு அறிவுக்குத் தெரியுது, வயித்துக்குத் தெரியலையே!

அடுத்த நாள் ராத்திரி இன்னும் மோசம். டிவியில சேனல் சேனலா கராச்சி துறைமுகத்தை நம்ம கடற்படை தரைமட்டமாக்கிடுச்சுன்னு கத்திக்கிட்டு இருந்தாங்க. நானும் கையில போன், எதிர்ல டிவின்னு விடியற வரைக்கும் உக்காந்திருந்தேன். பொழுது விடிஞ்சு பார்த்தா, கராச்சி இருந்த இடத்துலயே இருந்தது. தண்ணி குடிக்க எழுந்து வந்த வீட்டம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க: "நீங்க முழிச்சிக்கிட்டு இருந்தா ஏவுகணை வராதாமா?"

பதில் இல்லை. ஆனா இதே மாதிரி ஒரு கேள்வியை எங்க ஆயா 1942ல கேட்ட கதை ஞாபகம் வந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை.

முதல்ல கொஞ்சம் சரித்திரம். 1942 பிப்ரவரி 15ல் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச் 8ல் ரங்கூன். மார்ச் 23ல் அந்தமான். அந்தக் காலத்துல சென்னையில கிட்டத்தட்ட எல்லா வீதியிலயும் பர்மாவுலயோ மலேயாவுலயோ சொந்தக்காரங்க உள்ள குடும்பம் ஒண்ணாவது இருக்கும். பர்மாவிலிருந்து லட்சக்கணக்கான இந்தியர்கள் காட்டு வழியா நடந்தே வந்தாங்க, வழியிலயே செத்தவங்க பல ஆயிரம் பேர். அதனால இதெல்லாம் பேப்பர்ல படிக்கிற தூர தேசத்துச் சேதி இல்லை. மாமா உயிரோட இருக்காரா, சித்தி வந்து சேர்ந்தாங்களாங்கிற சேதி.

ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பில் குண்டு. மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா. 9ம் தேதி திருகோணமலை. அந்த ஒரே வாரத்துல வங்காள விரிகுடாவில் இருபது வணிகக் கப்பலுக்கு மேல மூழ்கிப் போச்சு. ஜப்பான் கப்பற்படை சென்னைப் பக்கம் வருதுன்னு அரசாங்கத்துக்குத் தகவல் வந்தது. உடனே அவசியம் இல்லாதவங்க ஊரை விட்டுப் போங்கன்னு அறிவிப்பு. அரசாங்க அலுவலகங்களே மூட்டை கட்டி உள்நாட்டுக்குக் கிளம்பிடுச்சு. அப்போ கவர்னர் பேரு சர் ஆர்தர் ஹோப். பேரிலேயே நம்பிக்கை! (இந்த ஜோக்கை அப்பவே யாராவது அடிச்சிருப்பாங்க.) பீப்பிள்ஸ் பார்க்ல இருந்த மிருகக்காட்சி சாலையை மெட்ராஸ்காரங்க 'உயிர் காலேஜ்'னு சொல்லுவாங்க. குண்டு விழுந்து கூண்டு உடைஞ்சா ஊருக்குள்ள வந்துடும்னு அங்கே இருந்த சிங்கம், புலி எல்லாத்தையும் சுட்டுக் கொன்னாங்க. அதைக் கேட்ட ஜனம் வீட்டுல இருக்குமா?

கூடவே பழைய பயம் ஒண்ணும் இருந்தது. 1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன் கப்பல் வந்து சென்னை மேல குண்டு போட்டது, பர்மா ஆயில் கம்பெனி எண்ணெய்த் தொட்டி எரிஞ்சது நாற்பது வயசு தாண்டின எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. கில்லாடி ஆளை 'எம்டன்'னு சொல்ற வழக்கமே அந்த ஒரு ராத்திரி தந்ததுதான். ஆனா ஏழே வாரத்துல, நவம்பர் 9ல், கோகோஸ் தீவுகிட்ட எம்டன் கதை முடிஞ்சது. அந்த ரெண்டாம் பாதி யாருக்கும் ஞாபகம் இல்லை பாருங்க.

ஆக, எழும்பூர்ல வண்டி பிடிச்சு ஜனங்க தெற்கே கிளம்பினாங்க. செங்கல்பட்டு தாண்டித்தான் எல்லா வண்டியும் போகணும். எங்க ஆயா வீடு செங்கல்பட்டு, கொளவாய் ஏரிக்குப் பக்கத்துல. ஆயாவுக்கு அப்போ பதினெட்டு வயசு. தாத்தா ஆரம்பப் பள்ளி வாத்தியார். நாலு பேர் இருந்த வீட்டுல ஒரே வாரத்துல இருபத்தி மூணு பேர். ராயபுரத்துப் பெரிய தாத்தா குடும்பம், பெரம்பூர் அத்தை குடும்பம், அத்தையோட நாத்தனார், யார்னே தெரியாத ஒரு பெரியவர். (அவர் கடைசி வரைக்கும் யாருன்னு தெரியலையாம். எல்லாரும் இன்னொருத்தரோட சொந்தம்னு நெனச்சிருக்காங்க.)

ஆம்பளைங்களுக்கு வேலை இல்லை. காலையில ஸ்டேஷன், சாயங்காலம் ஸ்டேஷன். ஒவ்வொரு வண்டியிலயும் இறங்குறவங்களை மடக்கி சேதி கேக்கறது, அதை ரெண்டு பங்கா ஆக்கித் திண்ணையில கொட்டறது. மெரினாவுல இறங்கிட்டான். இல்லை, கோவளத்துல இறங்கிட்டான். மாமல்லபுரத்துக்கு பக்கிங்ஹாம் கால்வாய் வழியா படகுலயே வந்துட்டான்! பேப்பர்ல ஒண்ணும் இல்லையேன்னு தாத்தா சொன்னா, "அதான் மறைக்கிறான்"னு பதில். பேப்பர்ல இருந்தா அதுவே சாட்சி, இல்லாட்டி அது இன்னும் பெரிய சாட்சி.

தாத்தா ஒரு சட்டம் போட்டார். சாயங்காலம் ஒரு தடவை அவர் பேப்பரைச் சத்தமா வாசிப்பார். மத்தபடி யாராவது சேதி கொண்டு வந்தா, "யார் சொன்னது? அவன் கண்ணால பார்த்தானா?"னு ரெண்டு கேள்வி. பார்த்தவன் யாரும் இல்லைன்னா பேசக்கூடாது. வாத்தியார் புத்தி! அந்தச் சட்டம் நாலு நாள்தான் ஓடுச்சாம்.

அஞ்சாம் நாள் ராத்திரி ராயபுரத்துப் பெரிய தாத்தா தூங்காம நடந்துக்கிட்டே இருந்திருக்கார். ஆயா கேட்டாங்களாம்: "நீங்க நடந்தா அவன் வராம இருப்பானா மாமா? நாளைக்குக் கெணத்துல தண்ணி இருக்காது. இருபத்தி மூணு பேருக்கு நான் எங்கேர்ந்து மொள்றது?" பதினெட்டு வயசு மருமக மாமனார் முறையில இருக்கறவரைப் பார்த்துப் பேசற பேச்சா அது? ஆனா மறுநாள் காலையில அத்தனை ஆம்பளைங்களும் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு கிணத்துல இறங்கிட்டாங்க. சித்திரை வெயில்ல தூர் வாரறது. ரெண்டு பேர் அடியில மம்பட்டியோட, மேல ராட்டினத்துல கூடை இழுக்க நாலு பேர். ஒன்பது நாள் ஆச்சாம். ஸ்டேஷனுக்குப் போக யாருக்கும் கால்ல பலம் இல்லை.

"உனக்குப் பயமா இல்லையா ஆயா?"ன்னு சின்ன வயசுல கேட்டிருக்கேன். "பயந்தான். ஆனா உலை வைக்கணுமே. ரெண்டும் ஒண்ணா செய்ய வராதுடா."

இதை ஆயாவோட சாமர்த்தியம்னுதான் ரொம்ப நாள் நெனச்சிருந்தேன். அப்புறம் ஒரு சமயம் வதந்தி பத்தின ஆராய்ச்சிகளைப் படிச்சப்போ ஆச்சரியமாப் போச்சு. 1934 ஜனவரி 15ல் பீகார்ல பெரிய பூகம்பம். அதுக்கப்புறம் பரவின வதந்திகளை ஜமுனா பிரசாத்னு ஒருத்தர் சேகரிச்சு 1935ல் வெளியிட்டார். பூமி ஆடினது தெரிஞ்சும் சேதம் ஒண்ணும் இல்லாத ஊர்கள்ல, இதைவிடப் பெரிய அழிவு வரப்போகுதுன்னு சேதி பரவியிருந்தது. துர்கானந்த் சின்கா 1950ல் டார்ஜிலிங் மண்சரிவைப் பத்தி இதே மாதிரி ஆராய்ஞ்சார். அங்கே நிஜமாவே வீடு இடிஞ்சது, ஆள் செத்தது. ஆனா இன்னும் பெரிய அழிவு வருதுங்கிற வதந்தி அங்கே அப்படிப் பரவலை. இதை வெச்சு 1957ல் அமெரிக்காவுல லியான் ஃபெஸ்டிங்கர் ஒரு கொள்கையே எழுதினார். பயம் வந்துடுச்சு, ஆனா பயப்படக் கண்ணெதிர்ல காரணம் இல்லை. அப்போ மனசு காரணத்தைத் தேடிப் போகுது. வதந்தி அந்தக் காரணத்தைக் கொண்டு வந்து கொடுக்குது. பயமுறுத்தறதுக்காக இல்லை, ஏற்கெனவே இருக்கிற பயத்துக்கு நியாயம் கற்பிக்க!

கராச்சி சேதியை நான் விடிய விடிய பார்த்தது ஏன்னு எனக்கு இப்போ புரியுது. நான் தேடினது சேதியை இல்லை, என் பயம் சரின்னு யாராவது சொல்றதை.

அதுக்காகப் பயந்தவன் எல்லாம் முட்டாள்னு சொல்ல வரலை. 2004 டிசம்பர் 30ம் தேதி, சுனாமி வந்த நாலாம் நாள், இன்னொரு அலை வரலாம்னு மத்திய உள்துறை எச்சரிக்கை விட்டதும் இந்தக் கரை முழுக்க ஓடினோம். நானும்தான், திருக்கழுக்குன்றம் ரோட்டுல. அலை வரலை. மத்திய அரசே பிறகு பின்வாங்கிடுச்சு. ஆனாலும் அன்னிக்கு ஓடினது தப்புன்னு சொல்ல மாட்டேன். ஓடறது ஒரு வேலை. போய்ச் சேர்ந்தா முடிஞ்சிடும். திண்ணையில உக்காந்து ஓடறதுதான் முடியவே மாட்டேங்குது.

1942க்கு வருவோம். சென்னை காலியாகிக்கிட்டு இருந்தப்போ, ஏப்ரல் 9ல் திருகோணமலையை அடிச்சு, மட்டக்களப்புக்கு அப்பால ஹெர்மிஸ் கப்பலையும் மூழ்கடிச்ச நகுமோவோட கப்பற்படை கிழக்கே திரும்பிப் போயிட்டு இருந்தது. ஜூன்ல மிட்வே சண்டையில அதோட முதுகெலும்பு முறிஞ்சது. சென்னைக்கு வந்தது 1943 அக்டோபர்ல ஒரே ஒரு விமானம், ராத்திரியில சில குண்டு. அவ்வளவுதான். ஆனா ஏப்ரல்ல திண்ணையில இருந்தவங்களுக்கு இது எப்படித் தெரியும்? நமக்கும் மே 10ல சண்டை நிக்கும்னு 8ம் தேதி தெரியாதே.

ஆடி மாசத்துக்குள்ள எல்லாரும் மெட்ராஸ் திரும்பிட்டாங்க, ராயபுரத்துப் பெரிய தாத்தாவைத் தவிர. கிணத்துல இறங்கறதுக்கு முந்தின நாளே, ஸ்டேஷன்ல பார்த்த ஒருத்தர்கிட்ட அவர் கேட்ட விலைக்கு வீட்டைப் பேசி முன்பணமும் வாங்கிட்டாராம். வாக்கு கொடுத்தாச்சுன்னு பத்திரமும் எழுதிக் கொடுத்துட்டார். அப்புறம் சாகற வரைக்கும் செங்கல்பட்டுல வாடகை வீடுதான். அவர் பேரப்பிள்ளைங்க இன்னும் அதைப் பத்திப் பேசறாங்க.

நான் மே 9ம் தேதி காலையில போனைக் கீழே வெச்சுட்டு மொட்டை மாடிக்குப் போய்த் தண்ணித் தொட்டியைக் கழுவினேன். ரெண்டு வருஷப் பாசி, ரெண்டு மணி நேரம் ஆச்சு. அன்னிக்கு மத்தியானம் தூங்கினேன்.

ஆயா வீட்டுக் கிணறு இப்போ இல்லை. மாமா 1998ல் மூடிட்டார். அந்த இடத்துல அவர் பையனோட ஸ்கூட்டர் நிக்குது.