மலைநாட்டில் கருமருந்துத் துவக்கு

வெடியுப்பு, கந்தகம், மரக்கரி என்னும் மூன்றும் சேர்ந்த கலவையே கருமருந்து. பீரங்கி முதல் கைத்துப்பாக்கி வரை, பல நூற்றாண்டுக் காலம் உலகின் சுடுகருவிகள் யாவும் இதனாலேயே இயங்கின. 1884ஆம் ஆண்டிலே பிரான்சு நாட்டில் புகையில்லா வெடிமருந்து ஆக்கப்பட்டது. அதன் பின்னர் கருமருந்தின் ஆட்சி மெல்ல மெல்லச் சரிந்தது.

ஆட்சி சரிந்ததேயன்றி, அதன்மேற் கொண்ட ஆசை சரியவில்லை. 1950களின் இறுதியில் இத்தாலிய நாட்டுக் கைவினைஞர்கள் பழைய ரிவால்வர்களை, அதாவது சுழல்துப்பாக்கிகளை, அச்சொட்டாக மீண்டும் செய்து அமெரிக்காவுக்கு அனுப்பத் தொடங்கினர். இவற்றை முற்றுப்பெறாத உறுப்புகளாகவும் வாங்கலாம். வாங்கியவர் அரத்தால் அராவி, மெருகேற்றி, தம் கையாலேயே பொருத்தி முடிப்பார். அவர் முன்னே பல தெரிவுகள் நிற்கின்றன. மேற்புறம் திறந்த 1851ஆம் ஆண்டுக் கோல்ட் வகையா, உருளைக்கு மேலே இரும்புப் பட்டம் ஓடும் ரெமிங்டன் வகையா? சட்டம் பித்தளையா, உருக்கா? பித்தளை மெருகுக்கு எளிது, விலையும் குறைவு. எனினும் மருந்து மிகுந்தால் நாளடைவில் நெகிழ்ந்துவிடும். உருக்கு நீடித்து உழைக்கும்.

எதைத் தெரிவது என்னும் இவ்வினா புதிதன்று. நுவரெலியாவின் மூடுபனிக்கிடையே, ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்னரே அது எழுந்தது.

கடல்மட்டத்துக்கு 6,000 அடிக்கு மேலே உள்ளது நுவரெலியா. ஈரமும் பனியும் நீங்காத அம்மலையிலே, கருமருந்துக்கு நீரே முதற்பகை. சக்கிமுக்கிக் கல்லின் பொறியால் வெடிக்கும் பழைய துவக்கில், வெளியே திறந்துகிடக்கும் சிறிதளவு மருந்து நனைந்தால் துவக்கு வெறுந்தடியே. 1807இல் ஸ்கொத்லாந்துப் பாதிரியார் அலெக்சாந்தர் போர்சைத் என்பவர் அடிபட்டவுடன் வெடிக்கும் இரசாயனப் பொருளைத் துவக்கிற் பயன்படுத்தும் முறைக்கு உரிமை பெற்றார். பின்னர் அப்பொருள் சிறு செப்புக் குப்பியில் அடங்கிக் ‘கேப்பு’ ஆயிற்று. மழைநாட்டு வேட்டைக்காரருக்கு இது பெரும்பேறாக அமைந்தது.

அவ்வேட்டைக்காரருள் பேர்பெற்றவர் இருவர். பதுளையில் அரசாங்க அதிகாரியாயிருந்த மேஜர் ரோஜர்ஸ் 1,400 யானைகளுக்கு மேற் கொன்றவர் என்பர். 1845இல் அப்புத்தளையில் அவரை மின்னல் தாக்கிற்று. அவர் கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது. மற்றவர் சாமுவேல் பேக்கர். 1848இல் நுவரெலியாவிலே குடியேற்றம் ஒன்றை அமைக்கப் புறப்பட்ட இவர், எந்தத் துவக்கைத் தெரிவது என்பதைப் பற்றி விரிவாக எழுதியுள்ளார்.

அவர்தம் துவக்குகள் ஆறு. ஒன்று 21 இறாத்தல். மற்றொன்று 16 இறாத்தல். இரட்டைக்குழல்கள் நான்கும் தலைக்கு 15 இறாத்தல். மொத்தம் 97 இறாத்தல் நிறை! ஒற்றைக் குழலை நம்புவதிற் பயனில்லை என்பதும், எல்லாத் துவக்குகளும் ஒரே துளையளவினவாக இருந்தால்தான் குண்டு மாறிக் குழப்பம் நேராது என்பதும் அவர் முடிவு. கருமருந்துத் துவக்கின் பெருங்குறை அதன் தாமதம். மருந்தைக் கொட்டி, குண்டை இட்டு, கோலால் இடித்து, கேப்பை வைப்பதற்குள் காயமுற்ற யானை பாய்ந்துவிடும். ஆகவே அடுத்த துவக்கு ஆயத்தமாகப் பின்னால் நிற்க வேண்டும். அதை ஏந்தி நின்றவர் உள்நாட்டார். தெரிவு துரையினுடையது, சுமை அவர்களுடையது.

இந்தத் தாமதத்தைப் போக்கவே சுழல்துப்பாக்கி பிறந்தது. அமெரிக்கராகிய சாமுவேல் கோல்ட் 1836இல் தம் நாட்டில் அதற்கு உரிமை பெற்றார். 1851ஆம் ஆண்டு இலண்டன் மாநகரிலே நடந்த மாபெரும் பொருட்காட்சியில், அவருடைய துப்பாக்கியும் ஆங்கிலேயராகிய ரொபர்ட் அடம்ஸ் செய்த துப்பாக்கியும் எதிரெதிராக வைக்கப்பட்டன. கோல்ட் துப்பாக்கியில் ஒவ்வொரு முறையும் பெருவிரலால் சுத்தியலை இழுக்க வேண்டும். அடம்ஸ் துப்பாக்கியில் விசையை அழுத்தினாற் போதும். யானையை வீழ்த்த இவற்றின் சிறுகுண்டு போதாது. அருகில் நிற்கும் மனிதனை வீழ்த்தப் போதும். பின்னால் நின்று துவக்கு ஏந்துபவரும் இனித் தேவையில்லை. சுடுகருவி வேட்டைக்காட்டை விட்டு இடுப்புக்கு வந்த வரலாறு இதுவே.

இனி அதே 1848ஆம் ஆண்டுக்குத் திரும்புவோம். பேக்கர் தம் துவக்குகளுடன் மலைக்கு வரப் புறப்பட்ட ஆண்டிலேதான், தேசாதிபதி டொரிங்டன் பிரபு துவக்கு வைத்திருந்தோர் மீது ஆண்டுக்கு 2 ஷில்லிங் 6 பென்ஸ் வரி விதித்தார். நாய்க்கும் வரி, கடைக்கும் வரி. கண்டிக் கிராமத்தானுக்குத் துவக்கு வேட்டை விளையாட்டுக்கு உரிய பொருளன்று. பயிரைப் பன்றியிடமிருந்தும் யானையிடமிருந்தும் காக்கும் கருவி. அவன் நாட்டுக் கொல்லர்கள் துவக்குத் தொழிலில் வல்லவர். 1765இல் ஒல்லாந்தர் கண்டியிலிருந்து கவர்ந்து சென்ற, பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் இழைத்த லெவ்கே திசாவையின் சிறுபீரங்கி, 2023இலேதான் நாடு திரும்பியது. இத்தகைய மரபினனிடம், உன் வீட்டுத் துவக்குக்கு வரி கட்டு என்றது அரசு. ஜூலையில் மாத்தளையிலும் குருநாகலிலும் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். ஓகஸ்ட் 8ஆந் தேதி, தலைவர்களுள் ஒருவராகிய புரன் அப்பு கண்டியிலே சுட்டுக் கொல்லப்பட்டார். அவர்மீது பாய்ந்த குண்டும் கருமருந்தால் உந்தப்பட்டதே.

அக்காலத்திலே தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு நடந்தே வந்த தமிழ்த் தொழிலாளரின் கையில், கத்தியும் மண்வெட்டியும் இருந்தன. காட்டை வெட்டித் தோட்டமாக்கியவர் அவர்கள். 1869இல் கோப்பியை நோய் பற்றியது. அதற்கு ஈராண்டு முன்னரே ஜேம்ஸ் டெய்லர் என்பவர் ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். தேயிலை மலையெங்கும் பரவிய 1870களிலும் 1880களிலும், உலோகத் தோட்டா வந்து கேப்பையும் இடிகோலையும் வழக்கொழித்தது. அதே ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில், 1940 ஜனவரி 10ஆந் தேதி, கூலி உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் குண்டுக்கு இரையானார். அது கருமருந்துத் துவக்கன்று. கருவி மாறிற்று, குழலின் எந்தப் பக்கத்தில் யார் நின்றார் என்பது மட்டும் மாறவில்லை.

இன்று இலங்கையில் உத்தரவுப் பத்திரமின்றி எவரும் துவக்கு வைத்திருத்தல் ஆகாது. பிற நாடுகளில் பழந்துப்பாக்கியின் பிரதியைத் தெரிவோர், சட்டம் பித்தளையா உருக்கா என்று ஆராய்வது முறையே. கைவினையை மதிப்பவர் அதை ஆராயத்தான் வேண்டும். எனினும், எது நல்ல துவக்கு என்று கேட்கும் வாய்ப்பு மலைநாட்டிலே ஒரு சிலருக்கே இருந்தது. மற்றொருவருக்கு அது வரியாக வந்தது. வேறொருவருக்குச் சுமையாக வந்தது. பின்னொருவருக்குக் குண்டாகவே வந்தது. இந்நால்வர் கதையும் சேர்ந்ததே துவக்கின் முழு வரலாறு.