மாற்றுச் சட்டையும் மக்கள் மனமும்

காற்பந்துக் குழு ஒவ்வொன்றுக்கும் தனக்கென ஒரு நிறம் உண்டு. எதிர்க்குழுவின் நிறமும் அதுவாகவே அமைந்துவிடின், நடுவரும் காண்போரும் மயங்காதிருக்க ஒரு குழு மாற்றுச் சட்டை அணிந்தாக வேண்டும். போர்க்களத்தில் தம் படையை இனங்காண மூவேந்தர் பனம்பூவும் ஆத்தியும் வேம்பும் சூடிய செய்தியைக் கற்ற தமிழ் மாணவர்க்கு இவ்வேற்பாடு புதுமையன்று. ஆயினும், இரசிகர்கள் மாற்றுச் சட்டையை எளிதில் ஏற்பதில்லை. அயல் வீட்டுப் பிள்ளையைப் பார்ப்பது போலவே அதனைப் பார்ப்பர். அத்தகைய சட்டையொன்று ஒரு நாட்டு மக்களின் நெஞ்சில் இடம்பிடித்த வரலாறு பிரேசிலுக்கு உரியது.

இன்று உலகறிந்த மஞ்சள் நிறம் பிரேசில் குழுவின் தொடக்ககால நிறமன்று. 1950ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டியை அந்நாடு தன் மண்ணில் நடத்தியபோது, அதன் ஆட்டக்காரர்கள் நீலக் கழுத்துப்பட்டை வைத்த வெள்ளைச் சட்டையே அணிந்திருந்தனர். அவ்வாண்டு ஜூலை 16ஆம் நாள் ரியோ நகரின் மரக்கானா அரங்கில் உருகுவேயுடன் கடைசி ஆட்டம் நிகழ்ந்தது. ஆட்டம் சமநிலையில் முடிந்தாலே கிண்ணம் பிரேசிலுக்கு என்ற நிலை. ஏறத்தாழ இரண்டு இலட்சம் மக்கள் கூடியிருந்தனர். முதல் கோலைப் பிரேசிலே அடித்தது. பின்னர் உருகுவே இரண்டு கோல்களை அடித்து வென்றது. அரங்கில் நிலவிய அமைதியை அந்நாட்டவர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகின்றனர்.

தோல்விக்குக் காரணம் தேடியோர்க்கு இரண்டு இலக்குகள் அகப்பட்டன. ஒன்று, கோல் காவலர் பார்போசா. மற்றொன்று, வெள்ளைச் சட்டை. நாட்டின் கொடியில் இல்லாத உணர்ச்சி இச்சட்டையில் எப்படி வரும் என்று கேட்டனர். 1953இல் ஒரு செய்தித்தாள், கொடியின் பச்சை, மஞ்சள், நீலம், வெள்ளை ஆகிய நான்கு நிறங்களும் அமைய உடை வரைந்து தருமாறு போட்டி வைத்தது. வென்றவர் ஆல்டீர் ஷ்லீ என்னும் பத்தொன்பது வயது இளைஞர். பச்சைக் கரையிட்ட மஞ்சள் சட்டை, நீலக் காற்சட்டை, வெள்ளைக் காலுறை என அவர் வரைந்ததே இன்றும் நிலைத்திருக்கிறது. உருகுவே எல்லையை ஒட்டிய ஊரில் பிறந்த அவ்விளைஞரின் உள்ளம் காற்பந்தில் உருகுவேயின் பக்கமே இருந்தது என்பது வரலாற்றின் குறும்பு!

மஞ்சள் மக்களுக்குப் பழகிவந்த வேளையில் அடுத்த சோதனை வந்தது. 1958ஆம் ஆண்டு சுவீடனில் நடந்த உலகக் கிண்ணத்தின் இறுதியாட்டத்தில் பிரேசில் எதிர்கொண்டது, போட்டியை நடத்திய சுவீடனையே. அந்நாட்டின் சட்டையும் மஞ்சள். குலுக்கலில் மஞ்சள் சுவீடனுக்கே வாய்த்தது என்பர். மீண்டும் வெள்ளையை அணிய யாருக்கு மனம் வரும்? பிரேசில் குழுவினர் ஸ்டாக்ஹோம் நகரில் நீலச் சட்டைகளை வாங்கி, மஞ்சள் சட்டைகளில் இருந்த சின்னங்களையும் எண்களையும் பிரித்தெடுத்து அவற்றில் தைத்தனர்.

சட்டை கிடைத்தது, துணிவு கிடைக்கவில்லை. நிறம் மாறியதைத் தீய நிமித்தமாக ஆட்டக்காரர்கள் எண்ணினர். அப்போது குழுத் தலைவராகச் சென்றிருந்த பவுலோ மச்சாடோ டி கார்வால்யோ, நாட்டின் காவல் அன்னையாகிய அப்பரேசிடா மாதாவின் மேலாடை நிறம் நீலமன்றோ என்று அவர்களிடம் எடுத்துரைத்தார். 1717இல் மீனவர் வலையில் அகப்பட்ட சிறு சிலையாக வழிபாடு பெறத் தொடங்கிய அம்மாதா, 1930இல் பிரேசிலின் காவலராக அறிவிக்கப்பட்டவர். அச்சத்தை அச்சத்தின் மொழியிலேயே தணித்தார் அவர். தாமும் நிமித்தம் பார்ப்பவரே. நற்பேறு கருதி ஒரே பழுப்பு நிற உடையை ஆட்டந்தோறும் அணிந்தவர்.

ஜூன் 29ஆம் நாள் சுவீடன் முதலில் கோல் அடித்தது. ஆனால் வாவா இரண்டும், பதினேழு வயதுப் பெலே இரண்டும், சகாலோ ஒன்றுமாக அடிக்க, பிரேசில் 5-2 என வென்றது. அந்நாட்டின் முதல் உலகக் கிண்ணம் நீலச் சட்டையில் வந்தது. அன்றுமுதல் நீலம் அயலாகத் தோன்றவில்லை.

வெற்றி ஒன்றே அதற்குக் காரணம் என்று கூறிவிட இயலாது. 1974இலும் 2010இலும் நெதர்லாந்திடம் தோற்றபோதும் பிரேசில் நீலமே அணிந்திருந்தது. அத்தோல்விகளுக்காக நீலத்தை எவரும் விலக்கவில்லை. வெள்ளைக்குக் கிட்டாத மன்னிப்பு நீலத்திற்குக் கிட்டியது, அதற்கு முன்பே ஒரு பொருள் சூட்டப்பட்டுவிட்டமையால்தான் என்று கொள்ளலாம். அண்மைக்காலத்தில் அப்பொருள் வேறொரு வகையிலும் விரிந்தது. 2018, 2022ஆம் ஆண்டுத் தேர்தல்களின்போது ஜாயிர் பொல்சொனாரோவின் ஆதரவாளர்கள் மஞ்சள் சட்டையைத் தம் ஊர்வல உடையாக்கினர். அவர் அரசியலை ஏற்காத இரசிகர் சிலர், குழுவைக் கைவிட மனமின்றி, நீலத்தை விரும்பி அணியலாயினர்.

வெள்ளைக்கும் ஒருநாள் வந்தது. 1919இல் பிரேசில் தன் முதல் தென்னமெரிக்கக் கிண்ணத்தை வென்றது வெள்ளைச் சட்டையில்தான். அன்று தோற்றதும் உருகுவேயே. இதனை 1950இல் நினைத்தவர் அரியர். நூற்றாண்டு நினைவாக, 2019 ஜூன் 14ஆம் நாள் சாவ் பாவ்லோவில் பொலிவியாவுக்கு எதிராகப் பிரேசில் வெள்ளை அணிந்து ஆடி 3-0 என வென்றது. அத்தொடரின் கிண்ணத்தையும் கைப்பற்றியது. பார்போசா அதற்குப் பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1950ஆம் ஆண்டின் பழியைச் சுமந்தவாறே மறைந்திருந்தார்.