சக்தி என்று எழுதிய கேசட்

முதுகில் நீல மையில் 'சக்தி' என்று தமிழில் எழுதியிருக்கிறது. அதன் கீழே ஒரு கோடு. வேறு தகவல் எதுவும் இல்லை. டிடிகே கம்பெனியின் அறுபது நிமிட கேசட். உள்ளே 3.81 மில்லிமீட்டர் அகலத்தில் பழுப்பு நாடா, நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும். அரை மணி நேரம் ஓடி முடிக்க ஏறக்குறைய 86 மீட்டர் நாடா வேண்டும். பிலிப்ஸ் கம்பெனியில் லூ ஆட்டன்ஸ் தலைமையில் ஒரு குழு உருவாக்கி, 1963-ல் பெர்லின் கண்காட்சியில் வைத்த சாதனம் இது. பேச்சைப் பதிவு செய்வதுதான் அதன் முதல் நோக்கம். குமரி மாவட்டத்தில் வளைகுடா வேலைக்கு ஆள் போன வீடுகளுக்கு இது புதிய செய்தியாக இருக்காது. எழுத்துக் கூட்டத் தெரியாத ஆச்சிகள் மகனிடம் கேசட்டில்தான் பேசினார்கள். அழுகையும் கோழிச் சத்தமும் கோயில் மைக்கும் சேர்ந்தே மஸ்கட்டுக்கும் துபாய்க்கும் போயின.

மஸ்கட்டிலிருந்து எதிர்த் திசையில் வந்தது இந்த கேசட்.

அதில் இருக்கும் இசை அதற்கு முன்பே நிறைய தூரம் நடந்திருந்தது. ஜான் மெக்லாஃப்லின் 1970-களின் தொடக்கத்தில் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவை வைத்துக்கொண்டு காது அடைக்கிற மின் கிட்டார் வாசித்தவர். ராக் ரசிகர்கள் அவர் பின்னால் திரண்டிருந்த நேரத்தில் மின்சாரத்தை விட்டுவிட்டு, சம்மணமிட்டு உட்கார்ந்து மர கிட்டார் எடுத்தார். வயலினில் எல். சங்கர், தபலாவில் ஜாகிர் உசேன், கடத்தில் விக்கு விநாயக்ராம். குழுவின் பெயர் சக்தி. 1975-ல் நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் ஒரு கல்லூரி மேடையில் வாசித்ததே முதல் ஆல்பம் ஆனது. இரண்டாவது ஆல்பம் 'எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி', 1976-ல் லண்டனில் ட்ரைடென்ட் ஸ்டூடியோவில் பதிவானது. மெக்லாஃப்லினின் கிட்டாரில் மெட்டுக்கட்டைகளுக்கு நடுவே மரத்தைக் குழிவாகச் செதுக்கியிருந்தார்கள். வீணையில் இழுப்பதுபோல் தந்தியை அழுத்தி இழுத்து கமகம் கொண்டுவர அந்த ஏற்பாடு. ராக் என்று நினைத்து வாங்கியவர்கள் முகம் சுளித்திருப்பார்கள். எனக்கோ ராக் இசையின் துணிச்சல் அந்த முடிவில்தான் முழுசாகத் தெரிகிறது: கூட்டம் எதற்காக வந்ததோ அதையே கீழே வைத்துவிட ஒரு மனம் வேண்டும்.

சங்கரின் கதையை இந்தக் கடற்கரையில் இருந்து கேட்கும்போது அது இன்னும் நெருங்கி வருகிறது. அவருடைய அப்பா வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். ஏழு வயதில் நல்லூர் கந்தசாமி கோயிலில் வாசித்தது சங்கரின் முதல் கச்சேரி. 1958 இனக்கலவரம் அந்தக் குடும்பத்தைச் சென்னைக்குத் துரத்தியது. அண்ணன்மார் எல். வைத்தியநாதனும் எல். சுப்பிரமணியமும் அதே வயலின் வீட்டில் வளர்ந்தவர்கள்தான். 1969-ல் அமெரிக்கா போன சங்கர், வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது அங்கே வீணை கற்க வந்த மெக்லாஃப்லினைச் சந்தித்தார். நல்லூர்த் தேரடியில் தொடங்கிய வில் லண்டன் ஸ்டூடியோவுக்குப் போய்ச் சேர்ந்த வழி அது.

மஸ்கட்டில் என் மூத்த மாமாவுடன் வேலை பார்த்த கோவாக்காரர் ஒருவரிடம் இசைத்தட்டுகள் இருந்தன. வெள்ளிக்கிழமை விடுமுறையில் மாமா காலி கேசட்டுகளோடு அவர் அறைக்குப் போவார். 'எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி' தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய 25 நிமிடம், மறுபக்கம் 23. அறுபது நிமிட நாடாவில் பக்கத்துக்குச் சில நிமிடங்கள் மிஞ்சும். காசு கொடுத்து வாங்கிய நாடாவை வெறுமனே விட மாமாவுக்கு மனம் வராது. முதல் பக்கத்தின் மீதியில் 'விண்டி மார்னிங்', இரண்டாம் பக்கத்தின் மீதியில் 'டெட் கேர்ள்ஸ் ஆஃப் லண்டன்'. இரண்டும் சங்கர் 1979-ல் ஃப்ராங்க் ஜாப்பாவின் தயாரிப்பில் வெளியிட்ட 'டச் மீ தேர்' ஆல்பத்தில் வருபவை.

ஒரே கேசட்டில் அடுத்தடுத்து வைக்க இதைவிடப் பொருந்தாத இரண்டு தட்டுகளைத் தேடிப் பிடிப்பது கடினம். ஜாப்பா எந்தச் சட்டகத்துக்குள்ளும் நிற்காத ஆள். 'டெட் கேர்ள்ஸ் ஆஃப் லண்டன்' பாட்டை முதலில் வான் மாரிசன் பாடினார். அந்தப் பதிவை வெளியிட முடியாமல் போனதால் ஜாப்பாவே வேறொரு புனைபெயரில் ஐக் வில்லிஸுடன் சேர்ந்து பாடினார். கடமும் தபலாவும் இழைந்து முடிந்த கணத்தில் மின் கிட்டாரும் கனத்த டிரம்ஸும் அந்த நையாண்டிக் குரல்களும் புகுந்துவிடும்.  மாமா அதை அப்படியே விட்டிருந்தார்.

எண்பதுகளின் நடுவில் ஒரு விடுமுறைக்கு அவர் வந்தபோது, திருவனந்தபுரத்தில் இறங்கி களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலை வழியாக நாகர்கோவிலுக்கு வந்த பெட்டியில் டூ-இன்-ஒன், கோடாலித் தைலம், சேலைகளோடு இதுவும் இருந்தது. பெட்டி திறந்த அன்று யாரும் இதைக் கவனிக்கவில்லை. முதுகில் இருந்த பெயரைப் பார்த்து ஆச்சி இதைச் சீர்காழி, டி.எம்.எஸ். பக்திப் பாடல்களோடு சேர்த்து அலமாரியில் அடுக்கிவிட்டாள். இது பிழைத்ததற்கு அதுதான் காரணம். வீட்டிலிருந்த மற்ற வெளிநாட்டு கேசட்டுகள் எல்லாவற்றிலும் பிற்பாடு சினிமாப் பாட்டு ஏறியது. சாமி கேசட்டின் மேல் பதிய யாருக்கும் துணிவு வராது.

நான் இதை முதலில் கேட்டபோது அந்நியமாகத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும் என்று சென்னை நண்பர்கள் சொல்வார்கள். நாஞ்சில் நாட்டில் வளர்ந்த காது என்ன கேட்டு வளர்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. சுடலைமாடனுக்கும் இசக்கிக்கும் முத்தாரம்மனுக்கும் கொடை நடந்தால் விடிய விடிய வில்லுப்பாட்டு. புலவர் வீசுகோலால் வில்லின் நாணை அடிக்க, மணிகள் குலுங்க, பக்கத்தில் உடுக்கையும் தாளமும் கட்டையும். குடத்தின் வாயில் தட்டையான பட்டையால் அறையும்போது எழும் 'கும்' தரை வழியாக முதுகெலும்பில் ஏறும். கதை சூடு பிடித்து, சாமி வரும் கட்டம் நெருங்கியதும் பாட்டு நின்று தாளம் மட்டும் ஓடும். 'லா டான்ஸ் டு பொன்னூர்' கொன்னக்கோலில் தொடங்குகிறது. வாயால் சொற்கட்டு உருட்டிக்கொண்டே வந்து வாத்தியங்கள் ஒன்றாக இறங்கும் அந்த இடத்தை, கொடை பார்த்த எந்தப் பிள்ளையும் உடனே அடையாளம் கண்டுகொள்ளும். விநாயக்ராம் கடத்தின் வாயை வயிற்றோடு அணைத்தும் விலக்கியும் எழுப்பும் ஆழ்ந்த ஒலி எங்கள் குடத்தின் உறவுக்காரன். சாஸ்திரம் வேறு, சபை வேறு, மண் ஒன்று.

கிட்டாரும் இங்கே விருந்தாளி அல்ல. 1806-ல் கிறிஸ்தவ மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்ததிலிருந்து தொடரும் சபைகள் இந்த மாவட்டம் முழுக்க இருக்கின்றன. பாடகர் குழுவில் நான்கு குரலில் பாடிய பையன்களும், வாலிபர் கூட்டத்தில் கிட்டார் பிடித்த பையன்களும் எங்கள் வகுப்பிலேயே இருந்தார்கள். கேசட்டைப் போட்டுக் காட்டினால் அவர்கள் சங்கரை விட்டுவிட்டு மெக்லாஃப்லினின் விரலைத் தேடுவார்கள். நானும் குடத்துப் பக்கம் வளர்ந்த சிலரும் கடத்தைத் தேடுவோம். ஒரே 25 நிமிடத்தில் இரண்டு கச்சேரி நடந்துகொண்டிருந்தது.

அந்தப் பையன்கள் மூலமாகத்தான் கேசட் குட்டி போட்டது. ஊரில் அப்போது தெருவுக்கொரு ரெக்கார்டிங் சென்டர். பட்டியல் எழுதிக் காலி கேசட்டோடு கொடுத்தால் மறுநாள் பாட்டு ஏறி வந்துவிடும். இரட்டை டெக்கில் வேகமாக நகல் எடுக்கும்போது மேல் சுருதி ஒலிகள் முதலில் தேயும், நாடாவின் இரைச்சல் ஒவ்வொரு தலைமுறைக்கும் கூடும். நகலின் நகல் தக்கலையில் ஒரு விடுதி அறைக்குப் போனது, அதன் நகல் குலசேகரத்துக்கு. அவற்றிலெல்லாம் கடமும் தபலாவும் கலங்கி ஒன்றாகிப் போயிருந்தன. அப்படியே கேட்டு, அப்படியே ரசித்தார்கள். அந்த ரசனையை நான் இன்றைக்கும் மதிக்கிறேன். கேட்க முடியாததையும் மனதால் இட்டு நிரப்பிக் கேட்டவர்கள் அவர்கள்.

பிறகு சிடி வந்தது, கேசட் பரணுக்குப் போனது. தென்மேற்கும் வடகிழக்குமாக இரண்டு மழைக்காலமும் கிடைக்கிற மாவட்டத்தில் பரண் நாடாவுக்கு நல்ல இடமல்ல. அண்மையில் வீடு மாற்றும்போது எடுத்துப் பார்த்தேன். சுருளின் விளிம்பில் வெள்ளைப் பூஞ்சை. நாடாவைத் தலையோடு அழுத்திப் பிடிக்கும் சிறிய கம்பளித் துண்டு பசை விட்டு உதிர்ந்திருந்தது, அதன் பின்னால் இருந்த உலோகத் தகடு கறுத்திருந்தது. பூஞ்சையோடு ஓட்டினால் கருவியின் தலையும் கெடும், அடுத்துப் போடும் கேசட்டுக்கும் ஒட்டும். ஐந்து திருகாணிகளைக் கழற்றி, உலர்ந்த மென்துணியால் விளிம்பை ஒற்றி எடுத்து, சுருளை நல்ல நிலையில் இருந்த வேறொரு கூட்டுக்குள் மாற்றி, முன்னும் பின்னும் மெதுவாகச் சுற்றினேன். தலையின் சாய்வைத் திருத்தும் திருகாணியை மயிரிழை மயிரிழையாகத் திருப்பியபோது மூடியிருந்த ஒலி சட்டென்று திறந்தது. கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டேன்.

அதோடு, அசல் ஆல்பத்தின் சுத்தமான பதிவையும் எடுத்து இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டேன். மாமா பதிந்த டெக் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்க வேண்டும். மற்றக் கருவிகளில் போடும்போது சுருதி ஏறி, காலம் விரைந்திருக்கிறது. நான் வருஷக்கணக்கில் நெஞ்சில் வைத்திருந்த 'ஐசிஸ்' உண்மையில் அதைவிட நிதானமானது. கால் மணி நேரப் பயணத்தில் சங்கர் ஒரு சுரத்தில் நிற்கும் நேரம் நாடாவில் குறைந்து போயிருந்தது. சுத்தப் பதிவில் கடத்தின் வயிற்றொலி முழுசாகக் கேட்கிறது. 'ஐசிஸ்' விஷயத்தில் இனி எனக்குச் சுத்தப் பதிவுதான்.

ஆனால் வரிசை விஷயத்தில் மாமா பக்கம்தான் நான். சுத்தப் பதிவில் 'டூ சிஸ்டர்ஸ்' மென்மையாக முடிந்து ஆல்பம் நிறைவடைகிறது. மாமாவின் நாடாவில் அந்த மென்மையின் மேல் ஜாப்பாவின் லண்டன் வந்து மோதுகிறது. மூன்று வருட இடைவெளியில் ஒரே வயலின்காரர் எவ்வளவு தூரம் போனார் என்பதை எந்த விமர்சனமும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. மாமா இசை படித்தவர் இல்லை. தட்டுகளில் ஒட்டியிருந்த பெயரைப் பார்த்து, 'இதுவும் அவன்தானே' என்று சேர்த்திருப்பார். காலி நாடாவை வீணாக்காத ஒரு கை தற்செயலாகச் செய்த தொகுப்பு அது. எனக்கு அந்த ஆல்பம் அப்படித்தான் இருக்கிறது, அப்படியேதான் இருக்கும்.

பிற்பாடு வந்த பல விசித்திரமான ஆல்பங்களுக்கு இந்தக் கேசட்தான் கதவைத் திறந்துவைத்தது. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' 1986-ல் வந்து, வி.எஸ். நரசிம்மனின் வயலினில் பாக்கும் தியாகராஜரும் சந்தித்தபோது நான் தயாராக இருந்தேன். கொச்சி மதர்ஜேன் குழுவில் பைஜு தர்மஜன் மின் கிட்டாரில் கமகம் இழுத்தபோதும், 2008-ல் திருவனந்தபுரத்து அவியல் குழு மலையாள நாட்டுப்பாட்டை ராக் ஆக்கியபோதும் அப்படித்தான். சங்கரே 1986-ல் கரோலினுடன் 'தி எபிடெமிக்ஸ்' என்று பாப்-ராக் ஆல்பம் போட்டார். ஸ்டீவ் வாய் கிட்டார் இருந்தும் அது எனக்கு ஒட்டவில்லை. சங்கருடைய பத்துத் தந்தி இரட்டை வயலினை 'ஹூஸ் டு நோ' ஆல்பத்தில் கேட்பதே எனக்கு நிறைவு.

கேசட்டைத் திருத்திய சூட்டில் சங்கரும் ஜாப்பாவும் 1978 அக்டோபர் 31 அன்று நியூயார்க்கில் சேர்ந்து வாசித்த 'தர்ட்டீன்' பதிவைத் தேடி எடுத்தேன். பதின்மூன்று அட்சரம். கையால் போட்டுப் பார்த்தால் ஒவ்வொரு சுற்றிலும் எங்கோ இடறுகிறது. தோவாளைப் பக்கத்தில் கொடைக்குக் குடம் அடிக்கும் ஒரு அண்ணாச்சியிடம் போனில் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். மூன்றாம் சுற்றில் தொடையில் தட்டத் தொடங்கினார், ஐந்தாவதில் சரியாக விழுந்தது.

"எப்படி அண்ணாச்சி எண்ணுனீங்க?"

"எண்ணாண்டாம் மக்கா. அவன் மூச்சு விடுத எடத்தப் பிடிச்சா போதும்," என்றார். பிறகு, "அந்த வயலின்காரன் யாரு? இன்னொரு மட்டம் போடு," என்றார்.

நல்லூர்க் கோயிலில் தொடங்கி அவருக்குச் சொன்னேன்.