கழுகுத் தலை மோதிரம்

சென்ற மாதம் பேத்தி வந்திருந்தாள். ஆடி கழிந்ததும் அவளுக்கு நிச்சயதார்த்தம். சோபாவில் என் பக்கத்தில் உட்கார்ந்து செல்போனில் மோதிரங்களாகத் தள்ளிக்கொண்டே போனாள். ஒயிட் கோல்டு, ரோஸ் கோல்டு, பிளாட்டினம், சாலிடேர், பிரின்சஸ் கட். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நானும் பார்த்தேன். பத்து மோதிரத்துக்குப் பிறகு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிந்தன.

"தாத்தா, நீங்க ஆயாவுக்கு என்ன மோதிரம் போட்டீங்க?" என்று கேட்டாள்.

எழுந்து போய், அலமாரியில் இருந்த பழைய பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தேன். அதில் என்ன இருந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், நம் ஊரில் கல்யாணப் பெண்ணின் கழுத்தில் என்ன தொங்க வேண்டும், விரலில் என்ன இருக்க வேண்டும் என்பதை யார் யாரெல்லாம் தீர்மானித்தார்கள் என்று அவளுக்குச் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். (நான் படித்ததெல்லாம் பிரெஞ்சில். தமிழில் பிழை இருந்தால் வழக்கம்போல் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

நிச்சயத்துக்கு மோதிரம் என்பது நம் பெரியவர்கள் காலத்தில் கிடையாது. பூ வைப்பார்கள், புடவை கொடுப்பார்கள், தாம்பூலம் மாற்றுவார்கள். மோதிரம் ரோமாபுரி வழக்கம். நிச்சயித்த பெண்ணுக்குக் கல் எதுவும் பதிக்காத இரும்பு மோதிரத்தை அனுப்புவது அந்த ஊர் வழக்கம் என்று பிளினி எழுதி வைத்திருக்கிறார். ஆமாம், இரும்புதான். 1477-ல் ஆஸ்திரிய இளவரசர் மாக்ஸிமிலியன் பர்கண்டி மேரிக்கு வைர மோதிரம் கொடுத்ததிலிருந்துதான் வைரம் வந்தது என்பது நகைக்கடைக்காரர்கள் விரும்பிச் சொல்லும் கதை.

எனக்குப் பிடித்தது நெப்போலியன் கதை. 1796-ல் அவர் ஜோசபினுக்குக் கொடுத்த மோதிரத்தில் இரண்டே கல். ஒன்று வைரம், ஒன்று நீலம். இரண்டும் கண்ணீர்த்துளி வடிவம், ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் திரும்பியிருக்கும். 'துவா எ முவா', அதாவது நீயும் நானும், என்று அந்த மாதிரிக்குப் பெயர். அப்போது அவர் பெரிய பணக்காரர் இல்லை. கல் ஒவ்வொன்றும் ஒரு கேரட்டுக்கும் குறைவுதான். 2013-ல் அந்த மோதிரம் பிரான்சில் ஏலத்துக்கு வந்தது.

இதே மனிதர்தான் 1804-ல் கோது சிவில் என்ற சட்டத்தைக் கொண்டுவந்தார். 1819-ல் அது புதுச்சேரிக்கும் வந்தது. இந்தியர்கள் தங்கள் வழக்கப்படி நடந்துகொள்ளலாம் என்று விலக்கும் கூடவே வந்தது. பிறகு 1881-ல், விரும்பியவர்கள் தங்கள் சொந்த வழக்கச் சட்டத்தைத் துறந்து முழுக்கப் பிரெஞ்சுச் சட்டத்தின் கீழ் வரலாம் என்று ஆணை வந்தது. அப்படி வந்தவர்களைத்தான் ரெனோன்சான் என்கிறோம். பொன்னுத்தம்பி பிள்ளை லாப்போர்த் ஆனது அப்போதுதான். இத்தனை சட்டத்திலும் மோதிரத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. மேரியில் அதிகாரி முன் நின்று இருவரும் 'உய்' சொல்ல வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். உத்தியோகத்தில் இருந்தபோது பழைய கல்யாணப் பதிவேடுகளைப் புரட்டும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. பெயர், வயது, தொழில், பெற்றோர், சாட்சிகள் என்று எல்லாம் இருக்கும். நோத்தேரிடம் கல்யாண ஒப்பந்தம் எழுதப்பட்டதா இல்லையா என்றுகூட இருக்கும். பெண் என்ன போட்டுக்கொண்டு வந்தாள் என்று மட்டும் எதிலும் இல்லை.

ஆனால் தாலியைப் பற்றி ஒருவர் இங்கே உட்கார்ந்து உத்தரவு போட்டிருக்கிறார்.

1703 நவம்பரில் புதுச்சேரியில் ஒரு கப்பலிலிருந்து இறங்கியவர் மயார் த தூர்னோன். போப்பாண்டவரின் தூதர். சீனாவுக்குப் போகிற வழியில் இங்கே எட்டு மாதம் தங்கினார். தமிழ் தெரியாது, உடல்நிலையும் சரியில்லை. இங்கிருந்த கிறிஸ்தவர்கள் எந்த வழக்கத்தை வைத்துக்கொள்ளலாம், எதை விட வேண்டும் என்று விசாரித்து, 1704 ஜூன் 23-ஆம் தேதி ஓர் ஆணை எழுதினார். அதில் தாலிக்கும் இடம் இருந்தது. பிள்ளையார் உருவம் பொறித்த தாலியைக் கிறிஸ்தவப் பெண்கள் கட்டக் கூடாது. 108 இழை கொண்ட மஞ்சள் கயிறு கூடாது. தாலியே வேண்டாம் என்று சொன்னாரா என்றால், இல்லை. கணவன் உள்ளவள் என்பதற்கு அடையாளம் இல்லாமல் நம் பெண்கள் வெளியே வரமாட்டார்கள் என்று யாரோ அவருக்கு எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். சிலுவையோ, ஏசுநாதர், மாதா உருவமோ பொறித்துக் கட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். ஜூலையில் ஆணையை வெளியிட்டுவிட்டு உடனே கப்பல் ஏறிப் போய்விட்டார். அதைப் பற்றிய சண்டை நாற்பது ஆண்டு ரோமாபுரி வரை நடந்தது.

என் அம்மாவின் தாலியில் புறா. பெரியம்மா தாலியில் சிலுவை. சிறுவயதில் அது ஏதோ குடும்ப வழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு நூலகத்தில் அந்த ஆணையின் பிரெஞ்சு வாசகத்தைப் படித்தபோதுதான், அம்மா கழுத்தில் தொங்கியது முந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு சமரசம் என்று தெரிந்தது. மஞ்சள் கயிற்றை மட்டும் யாரும் விடவில்லை. எங்கள் வீட்டில் இன்றுவரை கல்யாணத்தன்று மஞ்சள் கயிறுதான். இழையை யார் எண்ணினார்கள்!

அடுத்த உத்தரவு டெல்லியிலிருந்து வந்தது. அது எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்தது.

1962 ஆகஸ்டு 16-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. அந்த அக்டோபரில் சீன யுத்தம். அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு, தங்கக் கடத்தல் என்று காரணம் சொல்லி, 1963 ஜனவரியில் நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தார். இனி 14 கேரட்டுக்கு மேல் புதிதாக நகை செய்யக் கூடாது. 22 கேரட் என்றால் நூற்றுக்குத் தொண்ணூற்று ஒன்றரைப் பங்குக்கும் சற்று மேல் தங்கம். 14 கேரட்டில் ஐம்பத்தெட்டரைப் பங்குதான். "பாதி செம்பைக் கழுத்தில் போட்டு அனுப்பச் சொல்றானா?" என்று என் பாட்டி கேட்டார்.

அந்த வருஷம் மே மாதம் அக்காவுக்குக் கல்யாணம். எனக்குப் பதின்மூன்று வயது. அப்பா ஐந்து வருஷமாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் கையில் இருந்தது. எங்கள் தெருப் பத்தர் வீட்டுக்கு அப்பாவோடு நானும் போனேன். எப்போது போனாலும் ஊதுகுழலும் கரி அடுப்புமாக இருக்கும் பட்டறை, அன்று அடுப்பு எரியாமல் கிடந்தது. தராசை எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டார். "14 கேரட்ல செஞ்சா இழுக்க வராது, அடிச்சா வெடிக்கும். நான் பழகின தங்கம் அது இல்லீங்க" என்றார். மில்லில் வேலை கிடைக்குமா என்று அப்பாவிடம் விசாரித்தார். கையெழுத்து எழுதித் தரச் சொன்ன மனுவை அப்பா அன்றிரவே எழுதினார். நாடு முழுக்கப் பத்தர்கள் பட்டினி கிடந்தார்கள், தற்கொலை செய்துகொண்டவர்களும் உண்டு என்று பத்திரிகையில் வந்துகொண்டிருந்தது.

அம்மா ஒன்றும் பேசவில்லை. கல்யாணத்துக்கு முந்தின வாரம் தன் அட்டிகையையும் நான்கு வளையலையும் கழற்றிப் புளி போட்டுத் தேய்த்து, அக்கா முன் வைத்தார். அளவு சரியில்லை, அக்கா கை சிறியது, வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. அவள் ஆசைப்பட்டது கெம்புக் கல் நெக்லஸ். கல்யாண போட்டோவில் அட்டிகை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், அக்கா ஒரு கையால் மறு கையின் வளையலைப் பிடித்துக்கொண்டிருப்பாள். அம்மா அதற்குப் பிறகு கண்ணாடி வளையல்தான் போட்டார். 14 கேரட் கட்டுப்பாடு 1966-ல் நீங்கியது. 1968-ல் தனிச் சட்டமே வந்து, 1990-ல் தான் அதுவும் போனது. அம்மா 1971-லேயே போய்விட்டார்.

இனி பிஸ்கட் டப்பா.

எனக்கு 1976-ல் கல்யாணம். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற சித்தப்பா மார்செய்யிலிருந்து இரண்டு அல்யான்ஸ் அனுப்பியிருந்தார். கல் இல்லாத வெறும் வளையம். உள்பக்கம் எங்கள் பெயரின் முதலெழுத்துகளும் தேதியும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஒரு சின்னக் கழுகுத் தலை தெரியும். அது 1838-லிருந்து பிரெஞ்சு அரசு 18 கேரட் தங்கத்துக்குப் போடும் முத்திரை. 18 கேரட் என்றால் முக்கால் பங்கு தங்கம். அங்கே அதற்குக் கீழே உள்ளதைத் தங்கம் என்று விற்க 1994 வரை சட்டம் இடம் தரவில்லை. அதற்கு மேலே போக அவர்களுக்கு ஆசையும் இல்லை. 22 கேரட் மெத்தென்று இருக்கும், தினம் போட்டால் தேயும், கல்லைப் பிடித்து நிறுத்தும் நகங்கள் வளைந்துவிடும் என்பார்கள். நம்மவர்களுக்கோ நகை என்பது அவசரத்துக்குக் காசு. மாற்று குறைந்தால் நகையே இல்லை. என் மாமியார் மோதிரத்தைக் கையில் வாங்கி, நிறத்தைப் பார்த்துவிட்டு, மரியாதைக்காக ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார்.

1984-ல் மகளுக்கு உடம்பு மோசமாகி நீண்ட நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். என் மனைவியின் வளையல், நெக்லஸ், ஜிமிக்கி எல்லாம் ஒவ்வொன்றாக அடகுக்குப் போய், வட்டி கட்ட முடியாமல் மூழ்கிப்போயின. கடைசியில் மோதிரத்தையும் கழற்றிக் கொடுத்தாள். அடகுக்காரர் உரைகல்லில் தேய்த்து, திராவகம் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, "மாற்று கம்மி சார், இதை நான் எடுக்கறதில்லை" என்று என் பக்கம் தள்ளினார். போலி நகை கொண்டுவந்தவனைப் பார்க்கிற பார்வை. கடையில் இன்னும் நான்கு பேர் இருந்தார்கள். வீட்டுக்கு வந்து சொன்னதும் அவள் சிரித்தாள். அத்தனை கவலையிலும் சிரித்தாள். விரலில் மாட்டிக்கொண்டு, "இது ஒண்ணாவது என்கிட்டயே இருக்கட்டும்னு உங்க பிரெஞ்சுக்காரன் செஞ்சு வச்சிருக்கான்" என்றாள்.

நல்ல தங்கமெல்லாம் போயிற்று. யாரும் வாங்காத தங்கம் மிஞ்சியது. இரண்டு வருஷத்துக்கு முன் அவள் போன பிறகுதான் அது டப்பாவுக்கு வந்தது.

பேத்தியிடம் வைரத்தைப் பற்றியும் கொஞ்சம் சொன்னேன். நம் பாட்டிமார் வைரத்தோட்டுக்கு 'ப்ளூ ஜாகர்' என்று பெருமையாகச் சொல்வார்களே, அது தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபொன்டைன் சுரங்கத்தின் பெயர். நிச்சயம் என்றால் ஒற்றை வைரம்தான் என்ற எண்ணத்தை ஊன்றியதில் 1940-களில் டி பியர்ஸ் கம்பெனி அமெரிக்காவில் செய்த விளம்பரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஆறு நகம் வைத்துக் கல்லைத் தூக்கிக் காட்டும் அமைப்பு 1886-ல் டிஃபனி கடையில் வந்தது. வாங்குவதென்றால் வாங்கம்மா, பி.ஐ.எஸ். முத்திரையும் ஆறு இலக்க ஹெச்.யு.ஐ.டி. எண்ணும் இருக்கிறதா பார், 916 என்றால் 22 கேரட், 750 என்றால் 18, கல்லின் எடையைத் தங்க எடையில் சேர்க்காமல் பில் போடச் சொல், சேதாரம் எவ்வளவு என்று முதலிலேயே கேள் என்றேன். அவள் பாதிதான் கேட்டாள். அல்யான்ஸை விரலில் மாட்டிக் கழற்றிக்கொண்டே இருந்தாள். அவளுக்கு அது தொளதொளவென்று இருந்தது.

"இதைச் சின்னதாக்க முடியுமா தாத்தா?"

மறுநாள் இருவரும் ஒரு பத்தரிடம் போனோம். இளைஞர். அவரும் உரைகல்லை எடுத்தார். நான் வேண்டாம் என்று தடுத்து, கழுகைக் காட்டினேன். லென்ஸ் வைத்து வெகுநேரம் பார்த்தார். ஒரு துண்டு வெட்டி எடுத்து 18 கேரட் பொடி வைத்து ஒட்டலாம், ஆனால் உள்ளே உள்ள எழுத்தில் கொஞ்சம் போகும் என்றார். தேதியைத் தொட வேண்டாம், கழுகைத் தொட வேண்டாம், என் முதலெழுத்து போனால் பரவாயில்லை என்று சொல்லியிருக்கிறேன். அவளுடைய தேதியைப் பக்கத்தில் வெட்ட இடம் இருக்கிறதாம். வியாழக்கிழமை வரச் சொன்னார்.