வாங்கில் இருந்து கைதட்டின சனம்

மியூனிக் நகரத்துப் பியர் மண்டபங்களில் நீள மேசை, நீள வாங்கு. முன்பின் தெரியாத ஆட்களோடு நெருக்கியடித்து இருந்து, சொசேஜைக் கடிச்சுக்கொண்டு கதைக்கலாம். பெரிய இடம் என்பதால் அரசியல் கூட்டங்களும் அங்கேதான்.

1920 பெப்ரவரி 24இல் ஹோஃப்பிரொய்ஹவுஸில் ஹிட்லர் தன் கட்சியின் 25 அம்சத் திட்டத்தை அறிவித்தார். 1923 நவம்பர் 8இல் இன்னொரு மண்டபமான பூர்கர்பிரொய்கெல்லருக்குள் ஆயுதத்தோடு புகுந்து ஆட்சியைப் பிடிக்கப் பார்த்தார்; சரிவரவில்லை. பிறகு ஆட்சி கைக்கு வந்ததும், வருடாவருடம் அங்கேயே அந்த நாளைக் கொண்டாடினார்கள்.

1939இல் கியோர்க் எல்சர் என்ற தச்சுத் தொழிலாளி, இரவிரவாக அந்த மண்டபத் தூணைக் குடைந்து குண்டு வைத்தார். ஹிட்லர் 13 நிமிடம் முந்தி வெளிக்கிட்டுவிட்டார். இறந்தது வேறு 8 பேர். எல்சரை 1945இல் டாக்காவ் முகாமில் கொன்றார்கள்.

எல்சர் தனி ஆள். வாங்குகளில் இருந்து கைதட்டினவர்களோ பேய்பிசாசுகள் இல்லை, எங்களை மாதிரிச் சனம்தான். நாங்கள் யோசிக்க வேண்டியது அதைத்தான்.